மாசமா இருக்கும்போது மாத்திரை: போடலாமா, நிறுத்தலாமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரி நெல்லித்தோப்பிலோ எந்த மருந்துக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "வீட்ல மாசமா இருக்காங்கண்ணே, இதைக் கொடுக்கலாமா?" கேட்பவர் பெரும்பாலும் கணவர். மாத்திரையின் பெயர் அவருக்குத் தெரியும். எத்தனையாவது மாதம் என்று திருப்பிக் கேட்டால்தான் திணறுவார், வீட்டுக்குப் போன் போடுவார். ஆனால் அந்த மாதக் கணக்கு தெரியாமல் பதில் சொல்லவே முடியாது.

கர்ப்ப காலத்தில் ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. என்ன மருந்து, எத்தனையாவது வாரம், எவ்வளவு அளவில் எத்தனை நாள், எந்த நோய்க்கு என்ற நாலையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்த நோயைத்தான் நம் வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். மருந்து குழந்தையைப் பாதிக்குமோ என்று பயப்படுகிற அளவுக்கு, மருந்து போடாமல் விட்ட நோய் குழந்தையை என்ன செய்யும் என்று யாரும் பயப்படுவதில்லை.

குழந்தைக்கு எப்படிப் போகிறது?

தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நடுவில் நஞ்சுக்கொடி இருக்கிறது. அதிலுள்ள மெல்லிய சவ்வு வழியாகத்தான் ஆக்சிஜனும் சத்தும் குழந்தைக்குப் போகின்றன, கழிவு திரும்பி வருகிறது. நஞ்சுக்கொடியை, கெட்டதை எல்லாம் தடுத்து நிறுத்தும் காவல்காரன் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் மூலக்கூறின் அளவைத்தான் பார்க்கிறது. சிறிய மூலக்கூறுகள் கடந்துவிடும். நாம் போடும் மாத்திரைகளில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். சாராயமும் சிகரெட்டின் நிகோடினும்கூட அப்படித்தான் கடந்து போகின்றன.

பெரிய மூலக்கூறுகள் பொதுவாகக் கடப்பதில்லை. இன்சுலின் அப்படிப்பட்டது, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியும் அப்படித்தான். கர்ப்ப கால சுகருக்கு டாக்டர் இன்சுலின் எழுதினால், "ஊசி அளவுக்குப் போயிடுச்சா, குழந்தைக்கு ஆகாதே" என்று வீடே கலங்கும். ஆனால் குழந்தையைத் தொடாத மருந்து அதுதான். தாயின் ரத்தத்தில் கூடிப்போன சர்க்கரைதான் தடையில்லாமல் உள்ளே போய்க் குழந்தையை அளவுக்கு மீறிக் கொழுக்க வைக்கிறது.

இன்னொரு பக்கம், தாயின் உடம்பே மாறிவிடுகிறது. ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுகிறது, சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக வடிகட்டுகிறது. அதனால் முன்பு போட்ட அதே மாத்திரை இப்போது ரத்தத்தில் குறைவாக நிற்கலாம். தைராய்டு மாத்திரையின் அளவைக் கர்ப்பம் உறுதியானதுமே கூட்ட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வலிப்புக்குப் போடும் லாமோட்ரிஜின் மாதிரியான மருந்துகளுக்கும் அளவைக் கூட்ட வேண்டி வரும். 'குழந்தை சின்னது, மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடலாம்' என்று தாங்களாகவே குறைப்பவர்கள் நேர் எதிர்த் திசையில் போகிறார்கள்.

வாரக் கணக்கு

டாக்டர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் முதல் இரண்டு வாரம் கரு என்று ஒன்றே கிடையாது. கரு உருவான பிறகு வரும் சுமார் இரண்டு வாரங்களில் ஒரு மருந்து பெரிய அடி கொடுத்தால் கரு பெரும்பாலும் நிலைக்காது. நிலைத்துவிட்டால் பொதுவாக ஊனம் இல்லாமல் வளரும். நாள் தள்ளிப்போனது தெரிவதற்கு முன் ஏதோ ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டுத் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலான சேதி.

உறுப்புகள் உருவாவது ஏறத்தாழ 5ஆம் வாரத்திலிருந்து 10ஆம் வாரத்துக்குள். இதயம், கை கால், முகம், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாய் எல்லாம் அப்போதுதான் உருப்பெறுகின்றன. நரம்புக்குழாய் 6ஆம் வாரத்துக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று அப்போதுதான் தெரிய வருகிறது. அதனால்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, தினமும் 400 மைக்ரோகிராம் கணக்கில் தொடங்கச் சொல்கிறார்கள். நாள் தள்ளிப்போனதும் தொடங்கலாம் என்று காத்திருந்தால் பாதி வேலை முடிந்த பிறகு போய்ச் சேருவோம்.

வாரக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது தாலிடோமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது, மசக்கை வாந்திக்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. 1961 கடைசியில் திரும்பப் பெறப்படும் முன் பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடும் வேறு ஊனங்களோடும் பிறந்தன. கடைசி மாதவிடாயிலிருந்து ஏறத்தாழ 34 முதல் 50 நாளுக்குள் போட்டவர்களுக்குத்தான் பாதிப்பு. அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் இருந்த பிரான்சிஸ் கெல்சி என்ற பெண்மணி, பாதுகாப்புக்கு ஆதாரம் போதாது என்று அனுமதிக் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டே இருந்ததால் அந்த நாடு பெரும்பாலும் தப்பியது. அந்த மருந்து இன்றும் இருக்கிறது. தொழுநோயின் ஒரு வகைச் சிக்கலுக்கும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கும், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு கொடுக்கிறார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் கண்டம் தாண்டியாச்சு என்று ஒரு நினைப்பு உண்டு. பாதிதான் சரி. உறுப்புகள் உருவாகிவிட்டன, ஆனால் வளர்வதும் வேலை பழகுவதும் அதற்கு அப்புறம்தான். சில மருந்துகளுக்குப் பின்பாதியே ஆபத்தான காலம். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் மாதிரியான பிரஷர் மாத்திரைகள் நாலாம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பம் தெரிந்ததுமே டாக்டர்கள் இவற்றை மாற்றி லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று எழுதுவது அதற்காகத்தான். ஏற்கெனவே பிரஷர் உள்ளவர் இந்த மாற்றத்தைக் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி வைப்பது நல்லது.

காய்ச்சல், வலி, வாந்தி, சளி

காய்ச்சலுக்கும் வலிக்கும் முதலில் கை நீட்ட வேண்டியது பாராசிட்டமால். 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு இதை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசியதும் வாட்ஸ்அப்பில் பயம் பரவியது. அதற்கு உறுதியான அறிவியல் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்த வாரமே சொல்லிவிட்டது. விடாத காய்ச்சல்தான் கருவுக்குக் கெடுதல். தேவைப்படும்போது மட்டும் 500 அல்லது 650 மில்லிகிராம், அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி, காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினால் டாக்டர். மழைக்காலத்தில் டெங்கு நடமாடும் ஊர் நம்முடையது, அதனால் காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, சளிக்கு விற்கும் பல கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. அதையும் டோலோவையும் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

நம் ஊரில் உண்மையான சிக்கல் 'வலி மாத்திரை' என்று பொதுப்பெயரில் கேட்டு வாங்குவதில்தான். கடையில் எடுத்துக் கொடுப்பது பல நேரம் பாராசிட்டமாலோடு அசெக்ளோபெனாக், டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் என்று ஏதாவது ஒன்று கலந்த மாத்திரையாக இருக்கும். காம்பிஃப்ளாமிலும் ஐபுப்ரோபென் உண்டு. இந்த வகையை 20 வாரத்துக்கு மேல் தவிர்க்கச் சொல்கிறார்கள். குழந்தையின் சிறுநீரகம் மந்தமாகிப் பனிக்குட நீர் குறையலாம். ஏழாம் மாதத்துக்குப் பிறகு, பிறந்த பின் மூட வேண்டிய ஒரு ரத்தக்குழாய் வயிற்றுக்குள்ளேயே மூடத் தொடங்கலாம். கடைக்காரரிடம் "வெறும் பாராசிட்டமால்" என்று சொல்லி வாங்குங்கள். அந்த 'வெறும்' முக்கியம்.

ஆஸ்பிரினும் இதே குடும்பம்தான். ஆனால் முந்தைய பிரசவத்தில் பிரஷர் ஏறியவர்களுக்கும், அப்படி ஏற வாய்ப்புள்ள வேறு சிலருக்கும், மூன்றாம் மாத முடிவிலிருந்து 75 முதல் 150 மில்லிகிராம் ஆஸ்பிரினை டாக்டர்களே எழுதுகிறார்கள். மாமனார் நெஞ்சுவலிக்குப் போடும் அதே அட்டை என்று பார்த்ததும் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வலிக்குப் போடும் அளவு வேறு, இது வேறு. தாயையும் குழந்தையையும் காக்கத்தான் எழுதியிருக்கிறார்.

பிரஷர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாதத்துக்கு மேல் விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது இவற்றில் எது வந்தாலும் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். அன்றைக்கே போய் பிரஷர் பார்க்க வேண்டும்.

மசக்கை வாந்திக்கு டாக்சிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை பல்லாண்டுப் பழக்கம் உள்ளது, நம்பிப் போடலாம். தூக்கம் வரும், அதனால் இரவில் தருவார்கள். இஞ்சியும் ஓரளவு கேட்கும். தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து எடையும் இறங்கினால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய நிலை, வீட்டில் சமாளிக்கிற விஷயம் இல்லை. நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் போதும். ஈனோ, சமையல் சோடா இரண்டிலும் சோடியம் அதிகம் என்பதால் தள்ளி வைக்கலாம். சளிக்கு ஆவி, உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது. இருமல் டானிக்கில் சிலவற்றில் ஆல்கஹாலோ கோடீனோ இருப்பதால் கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஆன்டிபயாடிக்கில் அமாக்சிசிலின், செபலெக்சின் போன்றவை நெடுநாள் பழகியவை. கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று வந்தால் கட்டாயம் மருந்து போட வேண்டும், விட்டால் சிறுநீரகம் வரை ஏறிக் குறைப்பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். டாக்சிசைக்ளினை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அப்படி வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்கக் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் இதுதான். இந்த வகை மருந்துகள் குழந்தையின் பல்லில் கறையை உண்டாக்குபவை. முகாமில் வரிசையில் நின்று வாங்கும்போதே கர்ப்பம் என்று சொல்லிவிட்டால் வேறு மருந்து தருவார்கள். வயிறு தெரியாத மாதம் என்றால் கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்?

முகப்பருவுக்குப் போடும் ஐசோட்ரெட்டினாயின், மூட்டுவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட், இதய வால்வு மாற்றியவர்கள் போடும் வார்ஃபரின், வலிப்புக்கான வால்ப்ரோயேட் ஆகியவை தனி வரிசை. முதல் இரண்டைப் போடும் காலத்தில் கர்ப்பமே கூடாது. மற்ற இரண்டைப் பற்றிக் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

நிறுத்துவதும் ஒரு முடிவுதான்

வால்ப்ரோயேட் போடும் தாய்மார்களின் குழந்தைகளில் 10இல் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறை வரலாம் என்று தெரியும். இதைப் படித்த பெண் அன்றே மாத்திரையைத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? வலிப்பு திரும்பும். பெரிய வலிப்பில் தாய்க்கு மூச்சுத் திணறும், குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும், விழுந்தால் அடி. உயிருக்கே ஆபத்து வரலாம். லாமோட்ரிஜின், லெவெடிரசிடாம் என்று மாற்ற வழி இருக்கிறது, ஆனால் படிப்படியாக, நரம்பியல் மருத்துவர் கண்காணிப்பில். கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து எல்லாம் கோரிமேட்டு ஜிப்மருக்குப் போகிறோம். இதற்கும் போகலாம்.

ஆஸ்துமா இன்ஹேலரும் அப்படித்தான். உறிஞ்சும் மருந்து நுரையீரலில் வேலை செய்கிறது, ரத்தத்துக்குப் போவது சொற்பம். அதை நிறுத்தி இளைப்பு வந்தால் குழந்தைக்கும்தான் மூச்சு முட்டும். தைராய்டு மாத்திரையை நிறுத்தினால் கருவின் மூளை வளர்ச்சி பாதிக்கும், முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு சுரப்பு கிடையாது, எல்லாம் தாயிடமிருந்துதான். காசநோய்க்கும் மருந்தை விடக் கூடாது, ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் எல்லாம் கர்ப்பத்திலும் கொடுப்பவைதான். குழந்தையின் காதைப் பாதிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைத்தான் தவிர்ப்பார்கள்.

மனச்சோர்வு மாத்திரையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். என் கருத்தில் இதுதான் மிக அலட்சியமாக எடுக்கப்படும் முடிவு. சாப்பிடாமல், தூங்காமல், செக்கப்புக்குப் போகாமல் கிடக்கும் தாயின் வயிற்றில் குழந்தை எப்படித் தேறும்? தொடரலாமா, மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். மாமியாரிடம் மறைத்தாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

சத்து மாத்திரையும் இரண்டு ஆஸ்பத்திரியும்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலாம் மாதத்திலிருந்து தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கும். 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். இதைப் போட்டால் மலம் கறுக்கும், அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. காபி, டீயோடு போட்டால் உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ இருந்தால் நன்றாகச் சேரும். கால்சியத்தை இரும்போடு சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை இருந்தால் அது விடியற்காலை வெறும் வயிற்றில், மற்ற இரண்டும் அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி. அப்போ காலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்ச நேரம் கழித்து இரும்பு, காலைப் பலகாரத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் கால்சியம் என்று வைத்துக்கொள்ளலாம். பலகாரம் பத்து மணிக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

தமிழ்நாடு, புதுச்சேரி எல்லை ஊர்களில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. கர்ப்பிணி கடலூரில் செவிலியரிடம் பதிவு செய்து மாத்திரை வாங்குவார், ஸ்கேனுக்குத் தனியார் டாக்டர், வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்கு அரியாங்குப்பமோ வில்லியனூரோ போய், அங்கிருந்து எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு இரும்பு மாத்திரை, ஒரு கால்சியம். பெட்டியின் நிறம் வேறு, பெயர் வேறு, உள்ளே சரக்கு ஒன்றே. மூன்றையும் விழுங்கி வயிறு கட்டி, கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், வீட்டில் இருக்கும் அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். விட்டமின் ஏ மாத்திரை இருந்தால் குறிப்பாகக் காட்டுங்கள், அளவு கூடினால் அதுவே கருவைக் கெடுக்கும்.

நாட்டு மருந்து

இயற்கையானது, அதனால் ஒன்றும் செய்யாது என்பதை நான் ஏற்கவில்லை. ஒன்றும் செய்யாது என்றால் எதற்குக் குடிக்கிறோம்? செடியிலிருந்து வந்த பொருளும் நஞ்சுக்கொடியைக் கடக்கும். டெங்குக் காலத்தில் தெருமுனையில் தரும் நிலவேம்புக் குடிநீரைக் கர்ப்பிணிகள் தாங்களாக வாங்கிக் குடிக்க வேண்டாம், சித்த மருத்துவரிடம் கேட்ட பிறகு பார்க்கலாம். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் பற்பம், செந்தூரம் வகைகளில் ஈயமோ பாதரசமோ இருந்தால் யாருக்குத் தெரியும்? பிரசவ வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிப்பதும் பேதியாகி உடம்பின் நீரைக் குறைத்துவிடும். ரசத்தில் போடும் மிளகும் சீரகமும் இந்தக் கணக்கில் வராது, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

அட்டையில் பார்க்க வேண்டியவை, தெரியாமல் போட்டுவிட்டால்

மாத்திரை அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. விற்கிறார்கள் என்பது வேறு கதை. பிராண்ட் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்கப் பழகுங்கள், டாக்டரிடம் போனில் சொல்ல வேண்டியது அதைத்தான். இணையத்தில் தேடினால் ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று தரம் போட்ட பட்டியல் வரும். அது 1979இல் அமெரிக்கா கொண்டுவந்து 2015இல் கைவிட்ட முறை. 'சி' என்றால் பியைவிடக் கெட்டது என்று பரீட்சை மார்க் போல மக்கள் படித்தார்கள். பல மருந்துகளுக்கு ஆய்வு போதவில்லை என்பதுதான் அந்த 'சி'க்கு அர்த்தமாக இருந்தது.

கர்ப்பம் தெரியாமல் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே கருவைக் கலைப்பது பற்றி யோசிக்க வேண்டாம். எந்த மருந்தும் போடாத தாய்மார்களுக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றுக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கவே செய்கிறது. பெரும்பாலான மருந்துகள் ஓரிரு வேளையில் அந்தக் கணக்கைக் கூட்டுவதில்லை. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கடைசி மாதவிடாய்த் தேதி இவற்றை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் அவசரச் சந்தேகத்துக்கு 104ஐ அழைக்கலாம். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் பார்க்கும் இலவச முகாமும் இருக்கிறது. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டிலேயே நீங்கள் போட்ட மருந்தையும் வாரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள், எந்த உறுப்பைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்பவருக்குத் தெரியும்.